செல்போன் அலையால் பாக்டீரியாவுக்கு மருந்து எதிர்ப்பு வருமா?

மயூர் விஹாரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒரு வருடமாகச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாக எடுத்த யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் பாதிக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு நேராக 'ஆர்', அதாவது மருந்து கேட்காது, என்று போட்டிருக்கிறது. மாமியார் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குபவர். வைஃபை ரூட்டரும் அதே அறையில்தான் இருக்கிறது. 'செல்போன், வைஃபை கதிர்வீச்சால் பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போகிறது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. "இது உண்மையா? ரூட்டரை எடுத்துவிட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். உங்கள் மாமியாரின் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஆர்' போனிலிருந்தோ ரூட்டரிலிருந்தோ வந்ததல்ல. ரூட்டரை எடுத்துவிட்டாலும் அடுத்த ரிப்போர்ட் அதனால் மாறாது. அதே சமயம் அந்தச் செய்தி முழுக்கக் கற்பனையும் இல்லை. அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஆய்வுகள் இருக்கின்றன. நான் டெல்லியில் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். உங்கள் கையில் இருப்பது மாதிரியான ரிப்போர்ட்டுகளைத் தயாரிப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் செய்தியின் மூலம், ஈரானில் ஷிராஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017-ல் 'டோஸ்-ரெஸ்பான்ஸ்' என்ற இதழில் வெளியிட்ட ஆய்வு. ஈ.கோலை, லிஸ்டீரியா என்ற இரண்டு பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டார்கள். செல்போன் போலவே 900 மெகாஹெர்ட்ஸ் அலையை வெளியிடும் ஒரு கருவியின் முன்னாலும், சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரூட்டரின் முன்னாலும் அவற்றை வைத்தார்கள். பிறகு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அவை எவ்வளவு கட்டுப்படுகின்றன என்று சோதித்தார்கள். குறிப்பிட்ட ஒரு குறுகிய அளவுக்குள் அலை பட்டால் பாக்டீரியா மருந்தைத் தாங்க ஆரம்பிக்கிறது என்பது அவர்கள் சொன்ன முடிவு. இதை மேலும் ஆராய வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது அந்தக் கடைசி வரி விடுபட்டுப் போய்விட்டது. 2015-ல் இதே குழு கிளெப்சியெல்லா என்ற கிருமியை வைத்தும் வைஃபை சோதனை செய்திருந்தது. அதில் நேரம் கூடக்கூட விளைவு ஒரே திசையில் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாதிரி, இன்னும் நேரம் போனால் வேறு மாதிரி.

சரி, 'மருந்தைத் தாங்குகிறது' என்பதை எப்படி அளந்தார்கள்? கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உங்கள் மாமியாரின் ரிப்போர்ட்டையும் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நன்றாகப் புரியும்.

கிருமியை உப்புக் கரைசலில் கலக்குவோம். எவ்வளவு கலங்கலாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 0.5 மெக்ஃபார்லண்ட் என்போம். அந்தக் கரைசலை, 4 மி.மீ. தடிமனில் அகார் (கிருமி வளர்வதற்கான ஜெல்லி) ஊற்றிய தட்டில் பஞ்சுக் குச்சியால் சீராகப் பூசுவோம். மேலே மருந்து தோய்ந்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, சுமார் 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுவோம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றி ஒரு தெளிவான வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் 'எஸ்', மருந்து கேட்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் 'ஆர்', கேட்காது. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் இந்த முறையிலோ, இதே வேலையை இயந்திரம் செய்யும் முறையிலோ வந்ததாகத்தான் இருக்கும்.

ஷிராஸ் ஆய்வின் அளவுகோலும் இந்த வட்டம்தான். இந்த வட்டம் ரொம்பவே அசைந்து கொடுக்கும் ஒன்று. ஆய்வகங்கள் தங்கள் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே உலகம் முழுக்க ஒரே ஈ.கோலை கிருமியை வைத்திருக்கின்றன. அதன் எண் 25922. ஜென்டாமைசின் வில்லையை வைத்தால் அந்தக் கிருமிக்கு வட்டம் 19 முதல் 26 மி.மீ. வரை எங்கே விழுந்தாலும் சோதனை சரி என்றே கணக்கு. கிருமி ஒன்று, மருந்து ஒன்று, செய்முறையிலும் பிழை இல்லை. ஆனாலும் 7 மி.மீ. இடைவெளி அனுமதிக்கப்படுகிறது. அகார் கொஞ்சம் தடிமனானால் வட்டம் சுருங்கும். தட்டின் சூடு மாறினால் வட்டமும் மாறும். எல்லாவற்றையும்விட, பூசும் கரைசல் கொஞ்சம் கூடுதலாகக் கலங்கலாக இருந்தால், அதாவது கிருமிகளின் எண்ணிக்கை கூடினால், வட்டம் நிச்சயமாகச் சிறுக்கும்.

கருவியின் முன்னால் சில மணி நேரம் வைத்த பாக்டீரியாவுக்கு லேசாகச் சூடு கூடியிருந்தால் என்ன ஆகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். அது வேகமாகப் பெருகும். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி. சூடு மாறினால் அந்த வேகமும் மாறும். அலை படாத கரைசலைவிட அலை பட்ட கரைசலில் கிருமி கூடுதலாக இருந்து, அதைச் சரிசெய்யாமல் பூசினால், மருந்து எதிர்ப்பு ஒரு துளிகூடக் கூடாமலே வட்டம் சிறியதாகத் தெரியும். அதனால் இந்த வகை ஆய்வு எது வந்தாலும் நான் முதலில் தேடுவது சில விஷயங்களைத்தான். கரைசலுக்குள்ளேயே வெப்பமானி வைத்து அளந்தார்களா? அணைத்து வைத்த கருவியின் முன்னால் அதே நேரம் வைத்த ஒரு ஜோடித் தட்டு இருந்ததா? எந்தத் தட்டு எது என்று தெரியாத ஒருவர் வட்டத்தை அளந்தாரா? வேறொரு ஊர் ஆய்வகத்தில் திரும்பச் செய்து அதே விடை வந்ததா? இவற்றுக்கெல்லாம் உறுதியான பதில் கிடைக்கும்வரை சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கொண்டு ஊரைப் பயமுறுத்துவது சரியில்லை. நான் அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை முடிந்துபோன தீர்ப்பாகப் பரப்புகிறவர்கள் மீதுதான் என் வருத்தம்.

வட்டம் உண்மையிலேயே சிறுத்திருந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அது நிலைக்குமா? நோயாளியைக் கொல்லும் மருந்து எதிர்ப்பு மரபணுவில் இருப்பது. தாய்க் கிருமியிடம் இருந்தால் அதிலிருந்து பிரியும் கோடிக்கணக்கான கிருமிகளிடமும் இருக்கும். ஆனால் பாக்டீரியாவுக்குத் தற்காலிகமான தாக்குப்பிடிப்பும் உண்டு. ஆஸ்பிரின் உடலில் மாறி உண்டாகும் சாலிசிலேட் ஒரு நல்ல உதாரணம். ஈ.கோலை வளரும் திரவத்தில் அதைச் சேர்த்தால், மருந்தை வெளியே தள்ளும் பம்புகளைக் கிருமி கூடுதலாக உருவாக்கிக்கொள்ளும். சில ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சாலிசிலேட்டை எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்காக ஆஸ்பிரின்தான் மருந்து எதிர்ப்புக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. ரேடியோ அலை ஏதோ ஒரு அழுத்தத்தைக் கொடுத்து இப்படி ஒரு தற்காலிக மாற்றத்தை உண்டாக்குகிறது என்று நாளை உறுதியானால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆராயத் தகுந்த விஷயம்தான். ஆனால் அதற்கும் உங்கள் மாமியாரின் ரிப்போர்ட்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

இயற்பியல் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரபணுவை நேரடியாக உடைக்கும் ஆற்றல் செல்போன் அலைக்குக் கிடையாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருக்கும் ஆற்றல், டி.என்.ஏ.வில் இருப்பது போன்ற ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கத் தேவையானதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் உடல் சூட்டினால் மூலக்கூறுகள் இயல்பாகவே அதிர்ந்துகொண்டிருக்கும் ஆற்றல்கூட அந்த அலைத் துகளின் ஆற்றலைப்போல் பல ஆயிரம் மடங்கு. எக்ஸ்ரே, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இவற்றின் கதை வேறு. செல்போன் அலையால் உறுதியாகச் செய்ய முடிவது சூடாக்குவது. அதற்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் போனுக்கு, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட் என்பது உச்ச வரம்பு. உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அதன் அளவு தெரியும். சாதாரண வீட்டு ரூட்டரின் சக்தி 0.1 வாட் அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே உங்கள் மேல் படுவது சர்வதேச வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பேசாமல் கிடக்கும் போன் எப்போதாவது ஒருமுறைதான் டவருடன் தொடர்பு கொள்ளும். போன் இருப்பது தலைமாட்டில். கிருமி இருப்பது சிறுநீர்ப்பையில். நடுவே உள்ள உடல் அந்த அலையை உறிஞ்சிவிடும். அங்கே போய்ச் சேருவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

புற்றுநோய் பற்றியும் உடனே கேள்வி வரும் என்று தெரியும். 2011-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு என்பது அதன் பொருள். 2024-ல் அதே உலக சுகாதார அமைப்பு கேட்டு வெளியான விரிவான மறுஆய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. அது தனி விஷயம், இங்கே இத்துடன் விடுகிறேன்.

அப்படியென்றால் அந்த 'ஆர்' எங்கிருந்துதான் வந்தது?

அதற்கான பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. இன்று உலகம் முழுக்கச் சிறுநீர்த் தொற்று ரிப்போர்ட்டுகளில் செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரியான மருந்துகளுக்கு 'ஆர்' வருவதற்கு முக்கியக் காரணம் சிடிஎக்ஸ்-எம்-15 என்ற நொதி. அந்த மருந்துகளை வெட்டிப் போட்டுவிடும். இந்த நொதி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1999-ல் டெல்லியில் எடுத்த கிருமிகளில். உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் 'ஈஎஸ்பிஎல்' என்று எழுதியிருந்தால் அது இந்தக் குடும்பத்து நொதியைத்தான் குறிக்கிறது. அதன் பிறகு வந்தது என்டிஎம்-1. கடைசி ஆயுதமாக வைத்திருந்த மெரோபெனெம் வகை மருந்துகளையும் அது செயலிழக்க வைத்தது. 2009-ல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2010-ல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்.

2011-ல் வந்த இன்னொரு ஆய்வு டெல்லியில் குடியிருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நகரின் மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் குழாய்த் தண்ணீரையும், தெருவில் தேங்கி ஓடும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்தார்கள். 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-ல் 51-லும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. அந்த மரபணு உட்கார்ந்திருப்பது பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில். ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட முடியும், வேறு இனத்துக்குக்கூட. இந்தக் கைமாற்றம் 25 டிகிரியையும் 37 டிகிரியையும்விட 30 டிகிரியில் அதிகமாக நடந்தது என்று அதே ஆய்வு காட்டியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டெல்லியின் சாக்கடைத் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் செல்போனுக்கு மட்டுமல்ல, மனிதன் செய்த மருந்துக்கே முந்தியவை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பெனிசிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் எதிர்க்கும் மரபணுக்களை 2011-ல் கண்டெடுத்தார்கள். மறுவருடம், அமெரிக்காவில் லெச்சுகுவியா என்ற குகையில் 40 லட்சம் ஆண்டுகளாக வெளி உலகத் தொடர்பே இல்லாமல் இருந்த பாக்டீரியாக்களில் ஒன்று 14 ஆன்டிபயாட்டிக்குகளைத் தாங்கியது. மண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒன்றை ஒன்று எதிர்க்க இந்த வேதிப்பொருள்களைக் காலம் காலமாகச் சுரந்து வருகின்றன. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. நாம் செய்தது, அந்த மரபணு உள்ள கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஒவ்வொரு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதும் குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகின்றன, அடங்காதவை மிஞ்சுகின்றன. வயதான பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் சொந்தக் குடலில் இருக்கும் ஈ.கோலையால்தான் வருகிறது. போன குளிர்காலத்தில் இருமலுக்குச் சாப்பிட்ட மாத்திரை இந்த வருடத்துச் சிறுநீர் ரிப்போர்ட்டில் 'ஆர்' ஆகத் தெரிவது இப்படித்தான்.

டெல்லியில் நவம்பர் வந்து புகை மூடினால் எல்லா வீட்டிலும் இருமல். கெமிஸ்ட் கடைக்குப் போய் ஒரு அட்டை அசித்ரோமைசின் கேட்டால், சீட்டு இருக்கிறதா என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அந்த இருமலில் பெரும்பகுதி வைரஸாலும் புகையாலும் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. செஃபிக்ஸிம் உள்ளிட்ட 46 மருந்துகளை 2014 மார்ச் முதல் 'எச்1' என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2019-ல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் மருந்து எதிர்ப்பால் நேரடியாகவே இறந்தார்கள் என்றும், 49.5 லட்சம் இறப்புகளில் அதற்குப் பங்கு இருந்தது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு குடும்பம் தன் கவலையை எல்லாம் ரூட்டர் மேல் வைத்துவிட்டு, அலமாரியில் மிச்சம் கிடக்கும் மாத்திரை அட்டையைக் கவனிக்காமல் விடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போனுக்கும் கிருமிக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. அது அலையில் இல்லை, போனின் மேற்பரப்பில் இருக்கிறது. 2011-ல் பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வில் சோதித்த போன்களில் ஆறில் ஒன்றில் ஈ.கோலை இருந்தது. அதாவது மலத்தில் இருக்கும் கிருமி. மருத்துவமனை ஊழியர்களின் போன்களில் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். படுக்கையைத் தொடுகிறார், சிறுநீர்ப் பையைத் தொடுகிறார், அடுத்த நிமிடம் போனை எடுத்து ஊருக்குப் பேசுகிறார். பிறகு கையைக் கழுவினாலும் போனைத் துடைப்பதில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் என்றால், அவர் போனையும் உங்கள் போனையும் அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். நேரடியாகத் தெளிக்க வேண்டாம், உள்ளே இறங்கிவிடும். கழிவறைக்குள் போனைக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி அந்த ரிப்போர்ட். டாக்டரிடம் போகும்போது நான்கு விஷயங்களைப் பேசுங்கள். முதலாவது, மாமியாருக்கு இப்போது எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி ஏதாவது இருக்கிறதா, அல்லது சும்மா செய்த சோதனையில் கிருமி வந்ததா என்பது. வயதானவர்களின் சிறுநீரில் தொந்தரவே இல்லாமல் பாக்டீரியா இருப்பது சகஜம். அதற்குப் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த 'ஆர்'-க்கு வழி செய்கிறது. இரண்டாவது, சிறுநீர் எப்படி எடுத்தார்கள் என்பது. சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். டெல்லி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மதியம் வரை சுற்றிய மாதிரியில் கிருமி பெருகிவிடும், எண்ணிக்கையை நம்ப முடியாது. மூன்றாவது, 'எஸ்' போட்ட மருந்துகள் எவை என்பது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டும் பழைய மருந்துகள். 'ஈஎஸ்பிஎல்' ஈ.கோலைக்கு இவை பல நேரம் இன்னும் கேட்கின்றன. ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நைட்ரோஃபுரான்டாயின் கொடுக்கக் கூடாது, அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். நான்காவது, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வி. சர்க்கரை, சிறுநீர் முழுதாக வெளியேறாதது, கல், மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி இவற்றில் ஏதாவது இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் தொற்று திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும்.

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, திடீரென்று குழம்பிப் பேசுவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது, போன ஒரு வருடத்தில் அவர் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளின் பெயர்களை, கடையில் நீங்களே வாங்கியவற்றையும் சேர்த்து, தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர் முடிவு செய்வதற்கு அந்தத் தாள் பெரிய உதவியாக இருக்கும்.